அருகிலிருப்பவரின் கடமை: புற்றுநோயும் ஏழைத் தெருக்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை



திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரம் தறித்தொழிலால் வாழும் பகுதி. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கின்றன. தொழில் வேறு, ஊர் வேறு. ஆயினும் இரு முனைகளிலும் கூலிக்கு உழைப்போரின் கணக்கு ஒன்றே: வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. மருத்துவமனை வரிசையில் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. ஆகவே வலிக்காத நோய்க்காக எவரும் வரிசையில் நிற்பதில்லை. புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காத நோய். வலி தொடங்கி, வீட்டார் பதறி, கடன் வாங்கிக்கொண்டு சென்னைக்கோ வேலூருக்கோ புறப்படும்போது காலம் கடந்துவிடுகிறது.

வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே நோயைப் பெறுகிறார்கள். ஆனால் ஒரே முடிவைப் பெறுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வை உலகில் எவரேனும் குறைத்திருக்கிறார்களா? குறைத்திருந்தால், எதைக் கொண்டு குறைத்தார்கள்? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது. பெரிய மருத்துவமனைகள் அவசியம்தான். ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனை வரையுள்ள வழியை அமைத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருவைச் சேர்ந்தவர்களே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கை

இஸ்லாமிய உலகின் தலைசிறந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ. ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். 1013ஆம் ஆண்டளவில் காலமானவர். முப்பது பகுதிகளைக் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் மருத்துவ நூலில் அவர் புற்றுநோயைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கட்டி சிறியதாக, முழுமையாக அகற்றக்கூடிய இடத்தில், ஆரம்ப நிலையில் இருந்தால் அறுவை செய்யலாம் என்றார். நாட்பட்டுப் பெரிதாகிவிட்ட கட்டியைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்திய ஒருவரைக் கண்டதும் இல்லை என்று ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். கதிர்வீச்சும் மருந்துகளும் இல்லாத காலத்து அறிஞர் அவர். இன்று முற்றிய நிலையிலும் செய்யக்கூடியவை பல உள்ளன. ஆனால் ‘முன்பே வா’ என்னும் அவருடைய பாடம் மட்டும் மாறவில்லை.

முன்பே வரவேண்டுமானால் மருத்துவம் அருகில் இருக்கவேண்டும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது, அருகிலிருந்தே நலம் விசாரிக்க வசதியாகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தவர் ருஃபைதா (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணி. நோயாளியைத் தொலைவில் ஒதுக்கிவைக்காமல் சமுதாயம் கூடும் இடத்திலேயே பராமரித்த நிகழ்வு இது. பிற்காலத்தில் கெய்ரோவில் சுல்தான் மன்சூர் கலாவூன் 1284–85 ஆண்டுகளில் எழுப்பிய மருத்துவமனை வக்ஃப் சொத்துகளின் வருவாயால் நடந்தது. செல்வர், வறியவர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் சிகிச்சை அளிக்கவேண்டும் என்பது அதன் வக்ஃப் நிபந்தனை. ஆக, நோயாளியின் பொறுப்பைச் சமுதாயம் ஏற்பது நமக்குப் புதிய செய்தியன்று. இடையில் நாம் மறந்துபோன செய்தி.

அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள்

தமிழகத்தின் கதை ஒரு சகோதரியின் மரணத்திலிருந்து தொடங்குகிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்ததை அவர் கண்முன்னே கண்டார். மருத்துவர் ஒருவரின் வீட்டிலேயே இந்த நிலை என்றால், மருத்துவரையே காணாத வீடுகளின் நிலை என்ன? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பின்னாளில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி வேண்டும் என்று முயன்றவர்களில் அவரும் ஒருவர் என்பது நம் சமுதாயம் நன்றியுடன் நினைவுகூரத்தக்கது.

புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை 1935இல் அவர் பொதுமேடையில் வெளியிட்டார். அது நிறைவேற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அரசு தானாக முன்வந்து கட்டிக்கொடுத்த மருத்துவமனை அல்ல அது. இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிப் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் தங்கள் வாழ்நாளையே அதற்கு அளித்தனர். வசதியற்றோருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை என்ற கொள்கை தொடக்கம் முதலே நிலைபெற்றது. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறைந்தபோது தமிழகம் முழுவதும் கலங்கியது அதனால்தான்.

ஆனால் மருத்துவமனை எழுந்தபின் இன்னோர் உண்மை தெரியவந்தது. கதவு திறந்திருந்தும் ஏழைகள் தாமதமாகவே வந்தார்கள். சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். பல ஆண்டுகள் மெல்ல வளர்வதால் முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கக்கூடிய நோய் அது. தடுக்கக்கூடிய நோய் முதலிடத்தில் இருக்கிறது என்றால், குறை மருத்துவ அறிவில் மட்டும் இல்லை. மக்களை அடையும் வழியிலும் இருக்கிறது.

ஹார்லெம் கற்றுக்கொடுத்த பாடம்

இதே சிக்கலைக் கடலுக்கு அப்பால் ஒருவர் எதிர்கொண்டார். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பெரும்பாலும் கறுப்பின ஏழைகள் வாழ்ந்தனர். அங்குள்ள அரசுப் பொது மருத்துவமனையில் 1967இல் அறுவை மருத்துவராகச் சேர்ந்த டாக்டர் ஹாரல்டு ஃப்ரீமன், மார்பகப் புற்றுநோயுடன் வரும் பெண்களில் பலருக்கு நோய் மிகவும் முற்றியிருப்பதைக் கண்டார். 1964 முதல் 1986 வரை அங்கே சிகிச்சை பெற்ற 606 பெண்களின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்றாம் நான்காம் நிலைகளில் வந்திருந்தனர். ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் 39 விழுக்காடு மட்டுமே.

1979இல் அவர் ஹார்லெமிலேயே இலவச மார்பகப் பரிசோதனை மையங்களைத் தொடங்கினார். பரிசோதனை மட்டும் போதவில்லை. கட்டி இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண் அடுத்து எங்கே போவது, யாரைக் கேட்பது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று தெரியாமல் பாதி வழியில் நின்றுவிட்டாள். எனவே 1990இல், நோயாளியின் கையைப் பிடித்து முதல் ஐயத்திலிருந்து சிகிச்சை முடிவு வரை அழைத்துச்செல்லும் வழித்துணைவர்களை அவர் நியமித்தார். அந்தப் பகுதி மக்களின் மொழியும் அச்சமும் அறிந்தவர்களை இப்பணியில் அமர்த்தினார். 1995 முதல் 2000 வரை அங்கே சிகிச்சை பெற்ற பெண்களில் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் 70 விழுக்காடாக உயர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை முறைகளும் முன்னேறியிருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னேறிய சிகிச்சையும் உரிய நேரத்தில் வந்துசேர்ந்தவருக்குத்தானே பயன்படும்?

அம்பிளிக்கையும் மும்பைக் குடிசைகளும்

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்தவ மருத்துவ நிலையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆகியவை 2000ஆம் ஆண்டு கைகோத்தன. முறை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியில் உள்ள அமிலத்தை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாற்றமடைந்த திசு வெண்ணிறமாகத் தெரியும். ஆய்வகமோ நுண்ணோக்கியோ வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரின் கண் போதும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தால் அங்கேயே உறைகுளிர் சிகிச்சையும் அளிக்கமுடியும்.

30 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 49,311 பேர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களில் 31,000க்கும் அதிகமானோர் வந்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோய் தாக்குவது 25 விழுக்காடும், இதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்தன.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் இதே முறையைக் குடிசைப் பகுதிகளுக்கு எடுத்துச்சென்றது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை உள்ளடக்கிய அப்பணியில் பரிசோதனை செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், செவிலியர்களும் அல்லர். பத்தாம் வகுப்புப் படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள்தாம். பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தபின், கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகள் 31 விழுக்காடு குறைந்திருந்தன. பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கும் இம்முறை நம் குடும்பங்களின் நாணத்திற்கும் மார்க்க வரம்பிற்கும் இயைந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வாய்ப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியாயிற்று. தறிக்கூடத்திலும் ஆலையிலும் களைப்புத் தெரியாதிருக்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் ஆண்கள் உள்ள ஊர்களுக்கு இது நேரடியான செய்தி.

ஒரு நெருடல்

வரலாற்றைச் சொல்லும்போது அதன் கசப்பையும் சொல்வதே நேர்மை. மேற்கண்ட ஆய்வுகளில் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்ட ஊர்ப் பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் பரிசோதனை அளிக்கப்படவில்லை. மும்பையில் அவர்களுக்கு நோய் பற்றிய அறிவுரை மட்டுமே கிடைத்தது. அப்பெண்களுள் பலர் இந்நோயால் இறந்தனர். பயன் ஓரளவு தெரிந்திருந்த ஒன்றை ஏழைப் பெண்களில் ஒரு பாதிக்குக் கொடுக்காமல் காத்திருந்தது முறையா என்று மருத்துவ உலகிலேயே கடும் வாதம் எழுந்தது. அந்நாளில் அப்பெண்களுக்கு அரசின் வழியே எந்தப் பரிசோதனையும் கிடைக்கவில்லை, முடிவு தெரிந்தால்தான் அரசு ஏற்கும் என்று ஆய்வாளர்கள் விடையளித்தனர்.

எத்தரப்பு சரி என்பதை நாம் தீர்ப்பளிக்க வரவில்லை. ஆனால் கூட்டுப்பணி என்னும் சொல்லுக்கு இதில் ஓர் இலக்கணம் இருக்கிறது. ஏழைத் தெருவைத் தேடி வரும் எந்தத் திட்டத்திலும் அத்தெருவைச் சேர்ந்தவர் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கவேண்டும். எதற்காகப் பரிசோதிக்கிறீர்கள், நோய் தெரிந்தால் சிகிச்சை எங்கே, செலவு யாருடையது, என் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில் மக்கள் வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள்.

நம் வாசலுக்கு வந்திருப்பது

அந்த ஆய்வுகளின் பலன் இன்று நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கிய அரசின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, 2012 முதல் தமிழகம் முழுவதற்கும் விரிந்தது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆகிய நான்கு மாவட்டங்களில், வீட்டுக்கே அழைப்பிதழ் கொடுத்து வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. ராணிப்பேட்டை என்பது வேறெங்கோ இல்லை, ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் சென்றால் நாம் கால் வைக்கும் மாவட்டம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுச் சிறுமியருக்கு இலவசமாக வழங்குவதாக 2025–26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

அப்படியானால் இன்னும் குறைவது என்ன? காப்பீட்டு அட்டை அறுவைக்குப் பணம் கொடுக்கும். மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துக்குக் கொடுக்காது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் செல்லவேண்டும். அத்தனை நாள் தறி நின்றால் அடுப்பு எரிவது எப்படி என்று அட்டை சொல்லாது. அழைப்பிதழ் வீடு வரை வரும். அதை வாங்கிய பெண்ணின் அச்சத்தைப் போக்காது. நோயின் பெயரைச் சொல்லவே கூசி, மகளின் திருமணப் பேச்சுக்குத் தடையாகும் என்று மறைக்கும் வீட்டினுள் அரசாணை நுழைவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் நுழைவாள்.

ஜமாஅத்தின் பங்கு

இங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கவேண்டியதில்லை; இருக்கும் அமைப்புகள் போதும். ஜும்ஆ மேடை இருக்கிறது. ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு ஆகியவற்றைக் கண்டால் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் காத்திருக்கவேண்டாம் என்று ஹஜ்ரத் ஒருமுறை சொன்னால், அந்தச் சொல் ஆண்கள் வழியே எல்லா வீடுகளுக்கும் செல்லும். பெண்கள் மதரஸா இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரை அங்கே அழைத்துப் பெண்களுடன் தனியே பேசச் செய்யலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் நெசவாளர் சங்கங்களும் இருக்கின்றன. தறி உரிமையாளர்கள் ஆளுக்கொரு அரைநாள் கூலி பிடிக்காமல் பரிசோதனைக்கு அனுப்ப இசைந்தால், அதுவே பெரிய ஸதகா.

பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்கும்போது, அது ஏற்காத பயணச்செலவையும் குடும்பத்தின் உணவுச் செலவையும் தாங்கலாம். வறியவரும் கடனில் மூழ்கியவரும் ஜகாத் பெறத் தகுதியுடையோர் என்பதை நாம் அறிவோம். புற்றுநோய் ஒரு கூலிக் குடும்பத்தை ஓராண்டிற்குள் இவ்விரு நிலைகளிலும் தள்ளிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊருக்கு இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஹார்லெமின் வழித்துணைவர்களைப் போல நோயாளியுடன் மருத்துவமனைக்குச் சென்று வர முன்வந்தால் போதும். எந்தக் கதவு, எந்த வரிசை, எந்தச் சான்றிதழ் என்று ஒருமுறை கற்றவர் அடுத்த பத்துப் பேருக்கு வழிகாட்டுவார். இந்த உதவி நம் சமுதாயத்திற்கு மட்டும் என்று வரம்பு கட்டவும் கூடாது. அதே தறிக்கூடத்தில் அருகில் அமர்ந்து நெய்பவரின் நோய்க்கு மதம் இல்லை. கலாவூனின் மருத்துவமனை வாசலிலும் அப்படி ஒரு வரம்பு இருக்கவில்லை.

தங்கையை இழந்த ஒரு பெண், மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகு பன்னிரண்டு படுக்கைகளைக் கண்டார். பத்தாம் வகுப்புப் படித்த பெண்கள் மும்பைக் குடிசைகளில் உயிர்களைக் காத்தார்கள். நோய்க்கு நிவாரணத்தையும் இறக்கியவன் அல்லாஹ் என்று நம்புகிறோம். அந்த நிவாரணம் நம் அண்டைவீட்டாரைச் சென்றடைவதில் நமக்கும் ஒரு பங்கு வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வாரம் நம் தெருவில் எந்த வீட்டில் எவர் சொல்லாமல் வலியை மறைத்திருக்கிறார் என்று விசாரிப்பதிலிருந்து அதைத் தொடங்குவோம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண நலத்தையும், அவர்களுக்குத் துணைநிற்கும் மனத்தை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.